பல் பிடுங்கப் போகும்போது பார்க்க வேண்டியது

நம்ம தோட்டத்து வாழைத்தார் கேட்டு சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் பண்ணுகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, மருந்து அடிச்சீங்களா?" நல்ல கேள்வி. நான் கோவிச்சுக்கிறதே இல்லை. என்ன அடிச்சேன், எப்ப அடிச்சேன், அடிச்சு எத்தனை நாள் கழிச்சு வெட்டினேன், எல்லாத்தையும் சொல்லிருவேன். காசு கொடுத்து வாங்கி வாய்க்குள்ள போடுற பொருள், கேட்கத்தானே செய்யணும்.

ஆனா அதே ஆள் பல் வலின்னு போய் நாற்காலியில் சாஞ்சு வாயைத் திறந்துட்டார்னா, உள்ள வருகிற இரும்பு கடைசியா யார் வாய்க்குள்ள இருந்துச்சு, அதுக்குப் பிறகு அதை என்ன செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஊர்நாட்டிலயும் அப்படித்தான். கத்திரிக்காயை மூணு தடவை திருப்பிப் பார்த்து வாங்குற ஆட்கள், டாக்டர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருவோம்.

இதை இப்ப எழுதக் காரணம் ரெண்டு. ஒண்ணு, எங்க அம்மைக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து, பிடுங்கியே ஆகணும்னு வந்து நிக்குது. வயசு 68, பதினாலு வருசமா சுகர். இன்னொண்ணு, வாணியம்பாடி.

வாணியம்பாடி விஷயம் பேப்பரில் வந்தப்ப சில பேர் படிச்சிருப்பீங்க. திருப்பத்தூர் மாவட்டம். அங்க ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களில் எட்டுப் பேர் 2023 வாக்கில் செத்துப் போனாங்க. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் அரசு சுகாதாரத் துறை ஆட்களும் சேர்ந்து அதைத் தோண்டித் துருவி எழுதின ஆய்வு 2025-ல் லான்செட் குழுமத்தோட தென்கிழக்கு ஆசியப் பத்திரிகையில் வந்தது. வட தமிழ்நாட்டில் மூளையைத் தாக்குற ஒரு வகைக் கிருமிக் காய்ச்சலோடு வந்த 21 பேரை அவங்க பார்த்திருக்காங்க. அதில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவங்க. அந்தப் பத்தில் எட்டுப் பேர் உயிரோட இல்லை. மிச்சம் 11 பேருக்கு நோய் வேற வழியா வந்தது. அதில் செத்தது ஒருத்தர்தான். ஒரே நோய், ஆனா உள்ள போன வாசல் வேற.

அந்த நோய்க்குப் பேர் மெலியாய்டோசிஸ். கிருமிக்குப் பேர் பர்க்கோல்டேரியா சூடோமல்லை. பேர் வாயில் நுழையாட்டிப் பரவாயில்லை, அது இருக்கிற இடத்தைக் கேளுங்க: மண்ணிலயும் தேங்கின தண்ணியிலயும். குறிப்பா நெல் வயல் சேத்தில். தாய்லாந்தோட வடகிழக்கில் நெல்லு நடுற ஜனங்களுக்கு இது வழக்கமா வர்ற சீக்கு. ஆஸ்திரேலியாவோட வடக்குப் பக்கமும் மழைக்காலம் வந்தா இதுவும் வந்துரும். நம்ம பக்கம் கர்நாடகக் கரையோரத்திலயும் தமிழ்நாட்டிலயும் இருக்கு. உலகம் முழுக்க வருசத்துக்கு 1,65,000 பேருக்கு வந்து 89,000 பேர் சாகலாம்னு 2016-ல் ஒரு ஆய்வில் கணக்குப் போட்டாங்க. இத்தனை பேரைக் கொல்லுது, நம்ம ஊரில் யாருக்கும் பேரே தெரியாது.

இதை முதன்முதலில் கண்டுபிடிச்சது 1911-ல், ரங்கூனில். ஆல்பிரட் விட்மோர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர். 1912-ல் அவர் எழுதின கட்டுரையில் கூடவே இன்னொரு பேரும் இருக்கு: சி.எஸ். கிருஷ்ணசாமி. ரங்கூனுக்குப் போன நம்ம ஆட்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினதும் வட்டிக்கடை வச்சதும்தான் நமக்குத் தெரியும். பிணவறையில் நின்னு ஒரு புது நோயைக் கண்டுபிடிச்ச கணக்கும் இருக்கு.

இந்தக் கிருமி சும்மா மண்ணில் கிடக்கிற வரைக்கும் நமக்கும் அதுக்கும் பெரிய சண்டை இல்லை. வெறுங்காலோட வயலில் இறங்கி வளர்ந்தவங்கதான் நாம எல்லாரும். காலில் வெடிப்பு, கையில் கருக்கரிவாள் வெட்டு, அப்படி ஒரு வாசல் கிடைச்சா அது உள்ள வரும். வந்தாலும் நல்ல திடகாத்திரமான ஆளுக்கு அநேகமா ஒண்ணும் செய்யாது. யாருக்கு ஆபத்துன்னா, சுகர் உள்ளவங்களுக்கு. கிட்னி கெட்டவங்களுக்கு, குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டவங்களுக்கும்கூட. அதில் சுகர்தான் முதல் இடம்.

வயலில் இருக்க வேண்டிய கிருமி பல் கிளினிக்குக்குள்ள எப்படி வந்துச்சு? ஆய்வு காட்டினது ஒரு சலைன் பாட்டிலை. பல் பிடுங்கின குழியைக் கழுவுறதுக்கும், ஈறை அறுத்த இடத்தை அலசுறதுக்கும் உப்புத் தண்ணி பாட்டில் வச்சிருப்பாங்க இல்லையா, அது. சீல் பிரிச்சா அந்த ஆளோட முடிச்சுத் தூரப் போட வேண்டியது. அங்க என்ன செஞ்சிருக்காங்கன்னா, ஈறை எலும்பிலிருந்து விலக்குறதுக்கு வச்சிருக்கிற கருவியாலயே பாட்டிலைத் திறந்து, பிறகு மூடியும் இல்லாம பஞ்சை வச்சு லேசா அடைச்சு, வர்றவங்களுக்கெல்லாம் அதையே மறுபடி மறுபடி ஊத்தியிருக்காங்க. உபயோகத்தில் இருந்த சலைனைச் சோதிச்சப்ப அதில் அந்தக் கிருமி இருந்திருக்கு. பிடுங்கின பல்லோட குழின்னா என்ன, ரத்தம் கசியுற திறந்த வாசல். முகத்து நரம்பு எல்லாம் அங்க பக்கத்தில்தான் ஓடுது. அந்த வழியாத்தான் அவ்வளவு சீக்கிரம் மூளைக்குப் போயிருக்கணும்னு டாக்டர்கள் நினைக்கிறாங்க. பல் வலின்னு போனவங்க காய்ச்சல், தலைவலி, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிறது, பேச்சுக் குழறல்னு ஆகி, கொஞ்ச வாரத்துக்குள்ள முடிஞ்சு போச்சு.

இதை நான் எங்க தெருவில் சொன்னப்ப உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு சித்தப்பா நம்பவே இல்லை. "உப்புத் தண்ணில கிருமியாடே? உப்புல எதுடே உயிரோட கிடக்கும்?"ன்னார். ஆறுமுகநேரிக்காரன் கேட்கிற கேள்விதான். சுத்தி உப்பளம், வெள்ளை வெள்ளையா அம்பாரம். ஊறுகாய் கெட்டுப் போகாததும் கருவாடு புழு வைக்காததும் உப்பாலதான்னு பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்.

அவருக்கு அவர் கணக்கிலயே சொன்னேன். உப்பளத்தில் டிகிரிக்குழாய் விட்டுப் பார்ப்பாங்க. கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி காட்டும். அது பாத்தி பாத்தியா வெயிலில் காஞ்சு இருபத்தஞ்சு டிகிரி கிட்ட வந்தாத்தான் உப்பு பூக்கும். அந்த இருபத்தஞ்சு டிகிரித் தண்ணியில் சாதாரணக் கிருமி தாக்குப் பிடிக்காது, சரிதான். ஆனா சலைன்னா லிட்டருக்கு வெறும் 9 கிராம் உப்பு. கடல் தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கு. அதாவது சலைனில் இருக்கிறது கடல் தண்ணியோட உப்பில் ஏறக்குறைய கால்வாசிதான். நம்ம ரத்தத்தோட உப்பும் அதுவும் ஒண்ணா இருக்கணும்னே அப்படிச் செய்றாங்க. நம்ம உடம்புக்கு இதமா இருக்கிற தண்ணி கிருமிக்கும் இதமாத்தான் இருக்கும். கெட்டுப் போகாம இருக்க மருந்து எதுவும் அதில் கலக்கிறதில்லை. சீல் பிரியாத வரைக்கும்தான் அது சுத்தம். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப அது உப்புத் தண்ணி இல்லடே, உப்புப் போட்ட தண்ணி"ன்னார். இதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாது.

அம்மையைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால நான் மட்டும் தனியா நாலு இடத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு முடிவு பண்ணினேன். ஊர் பேரும் கிளினிக் பேரும் எழுதப் போறதில்லை. திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆத்தூர், தூத்துக்குடின்னு நமக்குப் போக வர இடம் நிறைய. எங்க வேணும்னாலும் வச்சுக்கோங்க.

முதல் இடத்தில் ஏசி, மீன் தொட்டி, சுவரில் சினிமா நடிகர் மாதிரி பல் காட்டிச் சிரிக்கிற படம். டாக்டர் ஒரு ஆளுக்குப் பார்த்துக்கிட்டே கையுறையோட போனை எடுத்துப் பேசினார். பேசி முடிச்சு அதே கையுறையை வாய்க்குள்ள விட்டார். கை கழுவுற தொட்டி ஓரத்தில் ஒரு சலைன் பாட்டில், மேல ஊசி குத்தி வச்சது, பாதி காலி. நான் வெளிய வந்துட்டேன். ரெண்டாவது இடம் பழைய கட்டடம், பெயிண்ட் உதிர்ந்து கிடக்கு. ஆனா உள்ள ஒரு தட்டில் கருவியெல்லாம் காகித உறைக்குள்ள ஒட்டி அடுக்கி வச்சிருந்தது. ஏசி ஒண்ணும் சொல்லாது, மீன் தொட்டியும் ஒண்ணும் சொல்லாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. பிறகு படிச்சும், தெரிஞ்ச ஒரு பல் டாக்டர் பிள்ளைட்டக் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதலில் அந்த உறை. ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். கருவியைத் தேய்ச்சுக் கழுவி, காய வச்சு, அதுக்குள்ள போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ்ல வைக்கிறாங்க. ஆட்டோகிளேவ்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம குக்கரோட பெரியண்ணன். இட்லிச்சட்டி ஆவி 100 டிகிரியோட நின்னுரும். மூடியை இறுக்கி அழுத்தம் கொடுத்தாத்தான் 121 டிகிரிக்கு ஏறும். அந்தச் சூட்டில் கால் மணி நேரத்துக்குக் குறையாம நிக்கணும். வெந்நீரில் கொதிக்க வச்சு எடுக்கிறது பழைய காலத்துப் பழக்கம். சில கிருமி விதை மாதிரி ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கும், அது 100 டிகிரிக்குச் சாகாது. உறை மேலயே ஒரு அடையாளம் அச்சடிச்சிருக்கும், ஆவி பட்டா அதோட நிறம் மாறும். அந்த உறையை உங்க கண் முன்னால கிழிச்சுக் கருவியை எடுத்தா, பாதிக் கேள்விக்குப் பதில் கிடைச்ச மாதிரி. மருந்துத் தண்ணியில் முக்கி வச்சு எடுக்கிறதும் உண்டு. குளுட்டரால்டிஹைடுன்னு ஒரு மருந்து. அதில் முழுசா கிருமி சாகணும்னா பத்து மணி நேரம் ஊறணும். ஒரு ஆளை அனுப்பிட்டு அடுத்த ஆள் உட்காருறதுக்குள்ள முக்கி எடுக்கிறது கண்ணுக்குக் காட்டுற சடங்குதான்.

ரெண்டாவது, கழுவுறது. ரத்தமும் எச்சிலும் காய்ஞ்சு ஒட்டியிருந்தா ஆவிகூட உள்ள போகாது. வாழைத்தோட்டத்தில் இது நமக்குத் தெரிஞ்ச சமாச்சாரம். வாடல் நோய் வந்த தோப்பில் வெட்டின மம்பட்டியை மண்ணோட அடுத்த தோப்புக்குக் கொண்டு போனா நோயும் கூடவே போகும். மண்ணை வழிச்சுக் கழுவாம மருந்து தெளிச்சுப் பிரயோஜனம் இல்லை.

மூணாவது, ர்ர்ர்னு சத்தம் போடுற அந்தக் கடையுற மெஷின். முனையில் இருக்கிற ஊசியை மட்டும் மாத்துறாங்க, பிடியை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு விட்டுடுறாங்கன்னா அது பத்தாது. மெஷின் நிக்கிறப்ப எச்சிலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். அடுத்த ஆள் வாயில் ஓட்டுறப்ப வெளிய துப்பும். பிடியோட சேர்த்து ஆட்டோகிளேவ்ல வைக்கணும். மஞ்சக்காமாலை பி கிருமி காய்ஞ்ச ரத்தத்தில் ஏழு நாள்வரைக்கும் உயிரோட கிடக்கும்னா பார்த்துக்கோங்க.

நாலாவது, தண்ணி. இது நான் நினைச்சே பார்க்காதது. அந்த மெஷினுக்குத் தண்ணி வர்ற குழாய் புல்லு மாதிரி மெல்லிசு. ராத்திரி முழுக்கத் தண்ணி அதில் தேங்கி நிக்கும். வாய்க்காலில் தண்ணி ஓடாம நின்னா பாசி பிடிக்குது இல்லையா, அதே கதை. உள்சுவரில் கிருமி வழுவழுன்னு படலம் கட்டிக்கும். 2016-ல் அமெரிக்காவில் அனாஹெய்ம்ங்கிற ஊரில், பல் கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லோட உயிர்ப்பகுதியில் சிகிச்சை பண்ணினப்ப இந்தத் தண்ணிக் கிருமி போய், நிறையப் பிள்ளைகளுக்குத் தாடை எலும்புவரை சீழ் வச்சிருச்சு. இத்தாலியில் 2011-ல் 82 வயசுப் பாட்டி ஒருத்தர் பல் கிளினிக் குழாய்த் தண்ணியில் இருந்த கிருமியால் நுரையீரல் காய்ச்சல் வந்து இறந்திருக்கார். பணக்கார நாட்டிலயும் நடக்குது, அதனால இதை நம்ம ஊர் அழுக்குன்னு மட்டும் சொல்லிக்கிட முடியாது. குழாயை மருந்து போட்டுச் சுத்தம் பண்ணணும், ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால கொஞ்ச நேரம் தண்ணியைத் திறந்து விடணும், அறுவை வேலைக்குக் குழாய்த் தண்ணியே கூடாது, சீல் உடைக்காத சலைன்தான். நாம எந்தச் சலைனால் எட்டு உயிர் போச்சுன்னு பேசிக்கிட்டிருக்கோமோ, அதே சலைன்தான், ஒழுங்கா வச்சிருந்தா, காப்பாத்துற சாமானும்.

அஞ்சாவது, ஊசி. மரத்துப் போற ஊசி போட்ட பிறகு அது எங்க போகுதுன்னு பாருங்க. குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா ஒண்ணு இருக்கணும். 2016-ம் வருச மருத்துவக் கழிவு விதியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு நாலு நிறத்தில் பிரிச்சிருக்காங்க, கூர்மையான சாமானுக்கு வெள்ளை. அந்த டப்பா இல்லாத கிளினிக்கோட ஊசி எங்க போகும்? குப்பைப் பையில் போகும். பிறகு நம்ம தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். குளத்தங்கரையில் கொட்டினா, ஆடு மேய்க்கிற பையன் காலில் ஏறும்.

இனிச் சட்டம். பல் டாக்டர்னா பி.டி.எஸ். படிச்சு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பண்ணியிருக்கணும். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தப்ப, படிக்காமலே அஞ்சு வருசம் இதே பிழைப்பாப் பார்த்து வந்தவங்களையும் தனிப் பட்டியலில் சேர்த்துக்கிட்டாங்க. அந்தத் தலைமுறை முடிஞ்சு போச்சு. இன்னைக்கு அப்பாட்டக் கத்துக்கிட்டேன்னு யாரும் பல் பிடுங்க முடியாது. அதோட கிளினிக்கையும் தனியாப் பதிவு பண்ணணும். தமிழ்நாட்டில் அதுக்கான சட்டம் 1997-லயே வந்துச்சு, விதி எழுதி நடைமுறைக்குக் கொண்டு வர 2018 ஆச்சு. மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்தான் இதைப் பார்க்கிறது. பதிவுச் சான்றிதழை வர்றவங்க கண்ணில் படுற மாதிரி மாட்டி வைக்கணும். அது மாட்டியிருக்கான்னு பார்க்கிறதுக்கு யார்ட்டயும் சண்டை போட வேண்டாம், தலையைத் தூக்கினாப் போதும்.

ஆனா சான்றிதழ் சுவரில் தொங்கும். சலைன் பாட்டிலைப் பஞ்சு வச்சு அடைக்கிறதை அது தடுக்காது. அதிகாரி வருசத்தில் ஒரு நாள் வருவார். மிச்ச நாள் எல்லாம் அங்க உட்கார்ந்திருக்கிறது நாமதான்.

கடைசியில் நான் சொன்னேனே, பெயிண்ட் உதிர்ந்த கட்டடம், அங்கதான் அம்மையைக் கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போதே அம்மைக்குச் சந்தேகம். "எய்யா, டாக்டரம்மாட்ட குறுக்குக் கேள்வி ஒண்ணும் கேட்டுராதய்யா. கோவத்துல ஊசியை வலிக்கக் குத்திட்டான்னா?"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. இது அம்மையோட பயம் மட்டுமில்ல. படிச்சவங்கட்டக் கேள்வி கேட்டா மரியாதைக் குறைவுன்னு நமக்குள்ள ஊறிப் போன பயம்.

டாக்டர் முப்பது வயசுக்குள்ள இருக்கிற பிள்ளை. நான் கேட்டேன், "டாக்டரம்மா, அம்மைக்குச் சுகர் உண்டு. வாணியம்பாடி விஷயம் படிச்சதிலிருந்து பயமா இருக்கு. கருவியெல்லாம் எப்படிம்மா சுத்தம் பண்றீங்க?"ன்னு. கோவம் வரலை. "வாங்க அண்ணாச்சி, காட்டுறேன்"ன்னு பின்னால இருக்கிற சின்ன அறைக்குக் கூட்டிட்டுப் போச்சு. கழுவுற தொட்டி ஒரு பக்கம், ஆட்டோகிளேவ் மறுபக்கம். ஒரு நோட்டில் தேதி போட்டு எத்தனை மணிக்கு ஓட்டினதுன்னு எழுதியிருக்கு, கரண்ட் போய்ப் பாதியில் நின்னா அதையும் எழுதி மறுபடி ஓட்டியிருக்கு. "இதை நோயாளிங்க யாரும் கேட்கிறதே இல்லை அண்ணாச்சி. ஏன் லேட்டுன்னு மட்டும்தான் கேக்காங்க. நாலு செட்டுதான் வச்சிருக்கேன். நாலு பேர் முடிஞ்சா அடுத்த ஆள், இது ஓடி முடியுற வரைக்கும் காத்திருக்கணும். அதுல பாதிப் பேர் எந்திரிச்சு வேற கிளினிக்குக்குப் போயிருவாங்க"ன்னு சொல்லிச்சு.

இதுதான் எனக்கு உறைச்சது. நாலு அரிவாளை வச்சுக்கிட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கருது அறுக்க முடியாது. கருவி எண்ணிக்கை இவ்வளவு, ஒரு தடவை கழுவி வேக வச்சு ஆற எடுக்க ஒரு மணி நேரம் பக்கம்னா, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு தானா வந்துரும். கூட்டம் அம்முது, ஆனா யாருமே காத்திருக்கிறதில்லை, சர்ரு சர்ருன்னு அனுப்புறாங்கன்னா, நிறையக் கருவி இருக்கணும், இல்லாட்டி ஏதோ ஒரு வேலை விட்டுப் போகுதுன்னு அர்த்தம். கட்டணம் நூறு இருநூறு கூட இருக்குன்னு நாம முகம் சுளிக்கிறதும் இந்தக் கணக்கில்தான் வருது. புது சலைன் பாட்டில், உறை, கையுறை, கரண்டு, கழிவு எடுக்க வர்ற வண்டிக்குக் கட்டணம், எல்லாம் காசு. ரசாயனம் இல்லாத அரிசி வேணும், ஆனா கடை விலைக்கே வேணும்னு எங்கிட்டக் கேட்கிற ஆட்களுக்கு நான் என்ன சொல்வேனோ, அதையேதான் அந்தப் பிள்ளையும் சொல்லணும். காசு இல்லைன்னா அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கு, அங்க போங்க. ஆனா எங்க போனாலும் கேளுங்க.

அம்மைக்கு அன்னைக்குப் பிடுங்கலை. சுகரைப் பார்த்துட்டு, கூட இருக்கு, குறைச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போன காசு மிச்சம்னு சொல்ல முடியாது, பஸ் காசு போச்சு. பத்து நாள் மாத்திரை, சாப்பாடு எல்லாம் பார்த்து மறுபடி போனோம். என் கண் முன்னாலதான் உறையைக் கிழிச்சாங்க. சலைன் பாட்டில் மூடியைத் திருகுறப்ப டக்குன்னு சீல் உடையுற சத்தம் கேட்டுச்சு. பல் வந்துருச்சு. வீட்டுக்கு வந்த பிறகு அம்மை பஞ்சைக் கடிச்சுக்கிட்டே சைகையில் சொன்னா, வலிக்கலைன்னு.

சம்சாரிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18-ல் நம்ம பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டினதும், தாமிரபரணி கரை தாண்டினதும் மறந்திருக்க மாட்டீங்க. எத்தனையோ நாள் வெள்ளத்துக்குள்ளயும் சேத்துக்குள்ளயும் நடந்தோம். மெலியாய்டோசிஸ் கிருமிக்கு இந்த மாதிரி மழையும் சேறும்தான் காலம். பிசான நடவு வருது. கையில் காலில் வெட்டு இருந்தா மூடிக் கட்டிக்கிட்டு இறங்குங்க, ஏறினதும் நல்ல தண்ணியில் சோப்புப் போட்டுக் கழுவுங்க. சுகர் உள்ளவங்க கூடுதலா. விடாம காய்ச்சல் அடிச்சு, மாத்திரைக்குக் கேட்காம, உடம்பில் அங்கங்க சீழ்க்கட்டி வந்தா, டாக்டர்ட்ட "நான் வயலில் வேலை பார்க்கிறவன், எனக்குச் சுகர் இருக்கு"ன்னு முதலிலயே சொல்லிருங்க. இது டிபி மாதிரியே வேஷம் போடுற நோய், டிபின்னு நினைச்சு மருந்து கொடுத்து நாள் போன கதை உண்டு. சரியான மருந்து இருக்கு. ரெண்டு வாரமாவது நரம்பு வழியா ஊசி, பிறகு மூணு மாசமாவது மாத்திரை. மூளைக்குப் போனா இன்னும் கூட நாள். நேரத்துக்குக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். பல் பிடுங்கி, ரூட் கெனால் பண்ணி கொஞ்ச நாளில் காய்ச்சலும் தலைவலியும் வந்தா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பல் பார்த்த கதையையும் விடாம சொல்லுங்க. வாணியம்பாடியில் பத்துப் பேருக்கும் ஒரே கிளினிக்னு தெரிய வந்ததே, வந்தவங்கட்டயும் வீட்டுக்காரங்கட்டயும் எங்கெங்க போனீங்கன்னு உட்கார்ந்து கேட்டதால்தான்.

அந்தப் பத்துப் பேரும் நம்மள மாதிரி ஆட்கள். சொத்தைப் பல்லு, ராத்திரி தூக்கம் இல்லை, பக்கத்தில் ஒரு கிளினிக் இருக்கு, போனாங்க. அதில் அவங்க பக்கம் ஒரு தப்பும் கிடையாது. நாம கேள்வி கேட்டாத்தான் சுத்தமா இருப்பாங்கன்னு ஒரு நிலைமை இருக்கிறதே சரி இல்லைதான். கேட்காட்டியும் ஒழுங்கா செய்யணும், அதைப் பார்க்க அதிகாரி இருக்கணும். ஆனா அந்த நாள் வர்ற வரைக்கும், என்ட்ட "மருந்து அடிச்சீங்களா"ன்னு கேட்கிற அதே குரலில், கோவமில்லாம, பயமில்லாம, "இந்தக் கருவி உறையிலிருந்து எடுத்ததா, இந்தப் பாட்டில் இப்ப உடைச்சதா"ன்னு கேட்டுருங்க. நல்ல டாக்டருக்கு அது சந்தோசமாத்தான் இருக்கும். கோவப்படுற டாக்டரா இருந்தா, எந்திரிச்சு வர்றதுக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

உங்க ஊரில் கிளினிக்கில் என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க. யார் பேரும் போட வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதினாப் போதும். அடுத்த வாரம் நாத்தங்கால் கதை.